சின்ன லோடு வண்டி: டீசலா, பெட்ரோலா, கேஸா?

திருப்பூரில் தண்ணீர் கேன் போடும் என் மச்சான் புதிதாக ஒரு டீசல் வண்டி எடுத்தான். "லோடு வண்டின்னா டீசல்தான்" என்று அவனுக்கு எல்லாரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். எட்டாவது மாதம் மீட்டரில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று பத்து நாள் அப்படியே விட்டுவிட்டான். அப்புறம் வண்டி இழுக்கவில்லை. சர்வீஸில் மூன்று நாள் நின்றது. நல்ல கோடைக்காலம். வாடிக்கை வீடுகளில் பல அந்த மூன்று நாளில் வேறு ஆளிடம் கேன் வாங்க ஆரம்பித்துவிட்டன.

வண்டியில் குறை எதுவும் இல்லை. அவன் வேலைக்கு அந்த இன்ஜின் பொருந்தவில்லை, அவ்வளவுதான். விசாரிக்காமல் யோசனை சொன்னோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. இப்போது அவன் இரண்டாவது வண்டி எடுக்கப் போகிறான். இந்தத் தடவை கணக்குப் போட்டுப் பார்த்தோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். தவணைக்கு வண்டி எடுத்துப் பிழைப்பவர்களுக்கு இது நான்கைந்து வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கிற விஷயம்.

முதலில், டீசல்தான் என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? அது பொய் இல்லை, ஒரு காலத்தில் முழு உண்மை. டாடா ஏஸ் 2005இல் வந்தது. 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன் டீசல் இன்ஜின். மூன்று சக்கர ஆட்டோவில் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்துக் குட்டி யானை என்று பெயர் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அப்போது டீசல் விலையை அரசாங்கம் பிடித்து வைத்திருந்தது. 2012 மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் இருந்தது. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம். அதற்கு மேல் மைலேஜும் டீசலில் கூடுதல். அந்தக் காலத்தில் பெட்ரோலில் லோடு வண்டி ஓட்டியவர் யாரும் கிடையாது என்றே சொல்லலாம்.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தபோது சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. அந்த 32 ரூபாய் வித்தியாசம் எட்டரை ரூபாய்க்குக் கீழே வந்துவிட்டது. பேச்சு மட்டும் பழைய விலையிலேயே நிற்கிறது.

இரண்டாவது மாற்றம் 2020 ஏப்ரல் 1. அன்று முதல் பிஎஸ் 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி. பெட்ரோல் இன்ஜினை அதற்குத் தயார் செய்வதில் பெரிய செலவு இல்லை. டீசலுக்கு அப்படி இல்லை. புகைக்குழாயில் கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க இன்னொரு ஏற்பாடு, இவற்றுக்கெல்லாம் சென்சார்கள் என்று விலை ஏறிக்கொண்டே போனது. மாருதி சூப்பர் கேரி 2016இல் 793 சிசி டீசல் இன்ஜினோடு வந்த வண்டி. பிஎஸ் 6 வந்ததும் டீசலை விட்டுவிட்டுப் பெட்ரோலிலும், சிஎன்ஜி என்னும் அழுத்திய இயற்கை எரிவாயுவிலும் மட்டும் நிற்கிறது. சின்ன டீசல் இன்ஜினுக்கு இத்தனை கருவியும் மாட்டி விற்றால் கட்டுப்படியாகாது என்று ஒரு பெரிய கம்பெனியே முடிவெடுத்தது என்றால், நாமும் ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம்.

மச்சானை மூன்று நாள் உட்கார வைத்தது அந்த வடிகட்டிதான். டிபிஎஃப் என்பார்கள். டீசல் எரியும்போது வரும் கரித்தூளை அது பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்ததை எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்குச் சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். பைபாஸில் ஒரே வேகத்தில் அரைமணி நேரம் போகிற வண்டிக்கு இது தானாக நடந்துவிடும், ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. மச்சானின் வேலை எப்படி? முப்பது, முப்பத்தைந்து கேன் ஏற்றுவான். ஒரு தெரு, நிறுத்து, இரண்டு கேன் இறக்கு. அடுத்த தெரு, நிறுத்து. ஒரு நாளில் அறுபது கிலோமீட்டர் ஓடினாலும் ஒரே மூச்சில் மூன்று கிலோமீட்டர்கூட ஓடாது. இன்ஜின் சூடேறுவதற்குள் சாவியைத் திருப்பிவிடுகிறான். கரி எரிய ஆரம்பிக்கும், பாதியில் நின்றுபோகும். நாள்பட நாள்பட அடைத்துக்கொள்ளும்.

இதில் பலருக்குத் தெரியாத இன்னொரு கெடுதலும் உண்டு. சூட்டைக் கூட்டுவதற்காகப் பல இன்ஜின்கள் கூடுதலாகக் கொஞ்சம் டீசலை உள்ளே பீய்ச்சும். எரிப்பு பாதியில் நின்றால் அந்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் சந்தோஷப்படாதீர்கள். ஆயில் நீர்த்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும். அதுவும் கையேட்டில் சொல்லியிருக்கும் ரக ஆயிலையே ஊற்ற வேண்டும், பழைய வண்டிக்கு ஊற்றியதை இதற்கு ஊற்றினால் அதன் சாம்பலே வடிகட்டியை அடைக்கும்.

"ஃபில்டரை வெட்டி எடுத்துவிடுங்கள், தொல்லை விட்டது" என்று சொல்லும் ஒர்க்‌ஷாப்கள் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். வாரண்டி போய்விடும், சட்டப்படியும் தவறு. நீங்கள் நிறுத்தி நிறுத்திப் போகும் தெருக்களில் அந்தப் புகை உங்கள் பிள்ளைகள் மூக்குக்குத்தான் போகிறது. மச்சான் இப்போது ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வண்டியை எடுத்துக்கொண்டு அவிநாசி போய் பைபாஸில் அரைமணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறான். அதன் பிறகு அந்த விளக்கு எரியவில்லை. வேலைக்கு ஆகாத கிலோமீட்டர்தான், ஆனால் வேறு வழியில்லை.

இவ்வளவு சொன்னதால் டீசல் வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். என் சித்தப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து பாலக்காட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறார். பொலீரோ பிக்கப், 2,523 சிசி டீசல். ஒன்றேகால் டன்னுக்குக் குறையாத சரக்கு. பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் போக வர 250 கிலோமீட்டருக்கு மேல். நள்ளிரவில் லோடு ஏற்றினால் விடிவதற்குள் அங்கே இறக்கியாக வேண்டும். அவரிடம் போய் பெட்ரோல் வண்டி நல்லது என்று நான் சொன்னால் சிரிப்பார், அது நியாயமும்கூட.

காரணம் எளிது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் கூடுதல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. டீசல் இன்ஜின் காற்றைப் பதினாறு, பதினேழு மடங்கு அழுத்தி அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்றவைக்கிறது. பெட்ரோலில் பத்து, பதினொன்று மடங்குதான். அதனால் அதே ஆற்றலில் டீசல் கூடுதல் வேலை வாங்குகிறது. அதோடு டர்போவும் சேர்ந்தால் இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே முழு இழுவையும் கிடைக்கும். நிறை லோடோடு ஒரு மேட்டில் நிறுத்திவிட்டு மறுபடி கிளம்பும்போது ஆக்சிலேட்டரை மிதித்து அலறவிட வேண்டியதில்லை, கிளட்ச் தேயாது. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வால்பாறையின் நாற்பதிலும் தினம் சரக்கோடு ஏறுபவருக்கு இந்த ஒரு குணம் போதும், மற்ற கணக்கெல்லாம் தேவையே இல்லை. சித்தப்பா வழியில் மலையே கிடையாது, பாலக்காட்டுக் கணவாய் சமமாகத்தான் போகும். அவருக்கு டீசல் கொடுப்பது தூரத்தின் லாபம். அப்படி ஓடுகிற வண்டிக்கு டிபிஎஃப் ஒரு பிரச்சினையே இல்லை, தினமும் அது தானாகச் சுத்தமாகிறது.

சரி, ரூபாய்க் கணக்குக்கு வருவோம். ஒரு டன்னுக்குக் கீழே ஏற்றும் சின்ன வண்டியை எடுத்துக்கொள்கிறேன். கம்பெனி சொல்லும் மைலேஜை விட்டுவிடுங்கள், அது நம் தெருவில் லோடோடு ஓட்டி எடுத்தது அல்ல. லோடோடு டீசல் லிட்டருக்கு 20, பெட்ரோல் 15, சிஎன்ஜி கிலோவுக்கு 20 என்று வைக்கிறேன். சிஎன்ஜி விலை ஊருக்கு ஊர் மாறுவதால் கிலோ 90 ரூபாய் என்று பிடிக்கிறேன். உங்கள் ஊர் நிலவரத்தை இந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்ன சென்னை விலைப்படி கிலோமீட்டருக்கு டீசல் 4 ரூபாய் 62 காசு, பெட்ரோல் 6 ரூபாய் 72 காசு, சிஎன்ஜி 4 ரூபாய் 50 காசு. பெட்ரோலைவிட டீசலில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 10 காசு மிச்சம்.

டீசல் வண்டி ஒரு லட்சம் கூடுதல் விலை என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு லட்சத்தையும் கடனில்தானே எடுக்கிறோம். 11 சதவீத வட்டிக்கு நான்கு வருடத் தவணை என்றால் மொத்தமாகக் கட்டுவது 1,24,000 ரூபாய். அதைத் திருப்பி எடுக்க 59,000 கிலோமீட்டர் ஓட வேண்டும்.

இப்போது ஆளைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். நாளுக்கு 250 கிலோமீட்டர் வீதம் மாதம் 24 நாள் ஓடுபவருக்குப் பத்தே மாதத்தில் அது வந்துவிடும், அதற்கு மேல் ஓடுவதெல்லாம் லாபம். மச்சானைப் போல நாளுக்கு அறுபது, மாதம் 26 நாள் என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு தடவை வடிகட்டி அடைத்து நின்றால் அது இன்னும் தள்ளிப்போகும். மளிகைக் கடைக்குச் சரக்கெடுக்க நாளுக்கு 25 கிலோமீட்டர் ஓட்டும் கடைக்காரருக்கு ஏழரை வருடம். அவர் தாராளமாகப் பெட்ரோல் வண்டி எடுக்கலாம். விலை குறைவு, தவணை குறைவு, சர்வீஸ் எளிது, காலையில் ஒரு தட்டில் ஸ்டார்ட் ஆகும். சின்ன வண்டியில் பெட்ரோல் என்றால் இழுக்காது என்ற பயமும் இப்போது பொருந்தாது. முதல் ஏஸின் டீசல் 16 குதிரைத்திறன் என்றேன், இப்போது வரும் ஏஸின் 694 சிசி பெட்ரோல் இன்ஜின் 30.

கேஸ் விஷயத்தில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, நம் ஊரில் அதைப் பற்றிய தெளிவு குறைவு. முதலில் பெயரே குழப்பம். ஆட்டோக்களில் பல வருடமாகப் போடும் எல்பிஜி வேறு, இந்தச் சிஎன்ஜி வேறு. எல்பிஜி காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும். சிஎன்ஜி மீத்தேன், காற்றைவிட லேசு, மேலே போய்விடும். வீட்டுச் சிலிண்டரை வண்டிக்கு மாட்டுவது உயிரோடு விளையாடுவது. இன்னொரு குழப்பமும் உண்டு. யூடியூபில் "கேஸா டீசலா" என்று அமெரிக்க பிக்கப் வீடியோக்கள் நிறைய வரும். அவர்கள் கேஸ் என்று சொல்வது பெட்ரோலை. அங்கே எஃப்-250 போன்ற வண்டிகளில் 6.7 லிட்டர் டீசலையும் 7.3 லிட்டர் பெட்ரோலையும் ஒப்பிட்டு, பின்னால் வீடு மாதிரி ஒரு டிரெய்லரை இழுத்துக் காட்டுவார்கள். நம் கேள்விக்கு அதில் பதில் கிடையாது.

டெல்லியும் குஜராத்தும் மும்பையும் சிஎன்ஜியோடு இருபது வருடத்துக்கு மேல் பழகியவை. இயற்கை எரிவாயுவைத் திரவமாகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கும் இந்தியன் ஆயிலின் எல்என்ஜி முனையம் எண்ணூரில் 2019இல் திறந்தது. அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் பம்புகள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. அதனால் கேஸ் வண்டியைப் பற்றி யோசிக்கும் முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வி இன்ஜினைப் பற்றியதல்ல. நீங்கள் தினம் போகும் வழியில் பம்ப் இருக்கிறதா? வழியில் என்றால் வழியில். எட்டு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போக வர பதினாறு. மிச்சம் அங்கேயே கரைந்துவிடும். ஒரு நாள் அந்தப் பம்புக்கே போய் நின்று பாருங்கள். வரிசை எவ்வளவு நீளம், எந்த நேரத்தில் கூட்டம், பிரஷர் ஒழுங்காக வருகிறதா என்று நிரப்ப வந்திருக்கும் ஓட்டுநர்களிடமே கேளுங்கள். சிலிண்டரில் கேஸ் சுமார் 200 பார் அழுத்தத்தில் ஏறும். பம்பில் பிரஷர் குறைந்திருந்தாலோ வெயிலில் சிலிண்டர் சூடாகியிருந்தாலோ முழு அளவு ஏறாது. சென்னை மாதிரி ஊரில் மத்தியானம் நிரப்புவதைவிட இரவில் நிரப்புவது நல்லது.

அறுபது லிட்டர் நீர்க் கொள்ளளவுள்ள சிலிண்டரில் ஒன்பது, பத்து கிலோ கேஸ் பிடிக்கும். மச்சானுக்கு அது மூன்று நாள் வேலை. சித்தப்பா வண்டிக்கு ஒரு நாளைக்கே போதாது, நள்ளிரவில் காய்கறியை வைத்துக்கொண்டு பம்ப் தேட முடியுமா?

சிலிண்டரின் எடையும் வண்டியின் கணக்கில்தான் சேரும். சூப்பர் கேரி பெட்ரோலில் 740 கிலோ ஏற்றலாம், சிஎன்ஜியில் 625. கேன் கணக்கில் சொன்னால் ஒரு நடைக்கு ஐந்து கேன் குறைகிறது. இழுவையும் கொஞ்சம் குறையும். கேஸ் உள்ளே போகும்போது காற்றுக்கான இடத்தில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது, அதனால் எரிவதும் குறைகிறது. ஏஸ் ப்ரோவில் ஒரே இன்ஜின் பெட்ரோல் வண்டியில் 30 குதிரைத்திறன், கேஸும் பெட்ரோலும் சேர்ந்த வண்டி கேஸில் ஓடும்போது 26. சமதளத்தில் பெரிதாகத் தெரியாது. நிறை லோடில் மேம்பாலம் ஏறும்போது தெரியும்.

இன்னும் இரண்டு விஷயம். கேஸ் வண்டி எடுத்தால் கம்பெனியிலேயே மாட்டி வந்ததாக எடுங்கள். கேஸ் வறண்ட எரிபொருள், வால்வு உட்காரும் இடம் சீக்கிரம் தேயும். கம்பெனி வண்டியில் அதற்கேற்ற உலோகம் போட்டிருப்பார்கள். வெளியில் கிட் மாட்டினால் அந்த உறுதி இல்லை, வாரண்டிக்கும் சிக்கல். அப்புறம், சிலிண்டரை மூன்று வருடத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். சோதனைத் தேதி சிலிண்டரிலேயே பொறித்திருக்கும். பழைய கேஸ் வண்டி வாங்குபவர்கள் ஆர்சி புத்தகத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான்.

டீசல் வண்டியில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசலைத் தனியாக ஊற்ற வேண்டுமா என்று கேட்கிறார்கள். எல்லா வண்டிக்கும் இல்லை. பெரிய லாரிகளில் பெரும்பாலும் உண்டு. சின்ன வண்டிகளில் மாடலுக்கு மாடல் மாறும். ஏஸ் கோல்டு பிளஸ் டீசல் அந்தக் கரைசல் தேவைப்படாத அமைப்போடு வந்திருக்கிறது. டெல்லியில் டீசல் வண்டிக்குப் பத்து வருடத்தோடு ஆயுள் முடியும் என்று விதி வந்ததே என்ற பயமும் சிலருக்கு. அது டெல்லி வட்டாரத்துக்கென்று வந்த விதி, தமிழ்நாட்டில் அப்படி இல்லை.

டீசல் கேட்டு வருபவர்களில் பலர் வெளியில் சொல்லாத ஒரு காரணம் உண்டு. 750 கிலோ வண்டியில் ஒன்றேகால் டன் ஏற்ற வேண்டும், அதற்கு டீசல்தான் தாங்கும் என்ற எண்ணம். இன்ஜின் இழுத்துவிடும், உண்மைதான். ஆனால் பிரேக், டயர், பின்பக்க ஸ்பிரிங் பட்டை, ஆக்சில் எல்லாம் 750 கிலோவுக்குச் செய்தவை. இறக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டியது இன்ஜின் மட்டும் இல்லையே. விபத்து என்று வந்துவிட்டால் கூடுதல் பாரத்தைக் காட்டி இன்சூரன்ஸ்காரர்கள் கை விரிக்கவும் இடமிருக்கிறது. தினமும் ஒன்றேகால் டன் சரக்கு இருக்கிறது என்றால் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியது எரிபொருளை அல்ல, அடுத்த அளவு வண்டியை. தோஸ்த், பொலீரோ பிக்கப் மாதிரி வண்டிகள் அதற்காகத்தான் இருக்கின்றன. அந்த அளவில் டீசலின் கையும் ஓங்கியிருக்கும்.

மச்சானை ஒரு வாரம் நோட்டுப் போட வைத்தேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை தடவை இன்ஜினை நிறுத்தினான், ஒரே மூச்சில் ஓடிய நீளமான தூரம் எவ்வளவு, அதிகபட்ச எடை எவ்வளவு. ஆறு நாளில் 371 கிலோமீட்டர். நாளுக்கு எழுபது தடவைக்குக் குறையாமல் நிறுத்தியிருக்கிறான். குடோனிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள், அவன் தினம் திரும்பும் வழியிலேயே கேஸ் பம்ப் இருக்கிறது. கேஸ் வண்டி பெட்ரோல் வண்டியைவிட எண்பதாயிரம் கூடுதல் என்றாலும், வட்டியோடு சேர்த்து இரண்டரை வருடத்துக்குள் அவனுக்கு அது திரும்பிவிடும். அடைத்துக்கொள்ள டிபிஎஃப் கிடையாது.

போன வாரம் டெமோ வண்டி கேட்டோம். காலி வண்டியை ஓட்டிப் பார்க்க மாட்டோம், எங்கள் கேனை ஏற்றித்தான் பார்ப்போம் என்று சொன்னோம். கொஞ்சம் தயங்கிவிட்டு ஒத்துக்கொண்டார்கள். முப்பது கேன் ஏற்றி ரயில்வே மேம்பாலத்தில் ஏற்றினான். கேஸில் மூன்றாவது கியர் திணறி இரண்டாவதுக்கு வந்தது. திரும்பி வந்து சுவிட்சைத் தட்டிப் பெட்ரோலில் ஏற்றினான், மூன்றிலேயே முக்கி ஏறிவிட்டது. "நாளுக்கு ரெண்டு தடவைதானே மாமா இந்தப் பாலம், ரெண்டாவது கியர் போதும்" என்றான். முன்பணம் கட்டியிருக்கிறான், வண்டி அடுத்த மாதம் வருகிறது.